லீவு நோவு

‘விழிப்புணர்வு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிற பெண் இப்படிச் சொல்லக் கூடாதுதான். எங்கள் துறையில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, தாய்க்கு விழிப்புணர்வு இல்லை. பெண்ணுக்கு ரத்தசோகையா, கிராமத்துக்கு விழிப்புணர்வு இல்லை. இல்லாமல் போவது எப்போதும் ஏழைகளுக்குத்தான். தண்ணீர்க் குழாய் போடாத அதிகாரிக்கு விழிப்புணர்வு இல்லை என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, அடக்கமும் கிடையாது. அப்பா பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறார், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அம்மா அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் தினமும் பேருந்தில் கோயம்புத்தூர் வந்து படிக்கிறேன். உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நிமிர்ந்தபடியேதான் வருவேன்.

முதல் பருவத்தில் ‘உலகப் பொதுச் சுகாதாரம்: ஓர் அறிமுகம்’ என்று ஒரு தாள். முதல் வகுப்பில் பேராசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, இன்றைய பெரிய சவால் எது என்று கேட்டார். பாதிப்பேர் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள். விழிப்புணர்வின்மை, மக்கள்தொகை, பருவநிலை மாற்றம் என்று வரிசையாக வந்தது. என் முறை வந்தபோது, “தூசிங்க மேடம்” என்றேன்.

பின்வரிசையில் ஒருவன், “தட்டி உட்டாப் போச்சு” என்றான். வகுப்பே சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. எந்தத் தூசி என்று கேட்டார். “பஞ்சுத் தூசிங்க. எங்கம்மா கார்டிங்ல இருக்காங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கார்டிங் என்பது பஞ்சு சீவப்படும் இடம். பொதியாக வந்த பஞ்சு அங்கேதான் இழை இழையாகப் பிரியும். பிரியும்போது பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்த இலைத்தூளும் மண்ணும் காற்றில் ஏறும். அந்தத் தூசி தரையில் படியாது, ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் புருவம் நரைத்திருக்கும். முகம் கழுவினால் கறுப்பாகிவிடும். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

தூசிக்கு மில் கொடுத்த மருந்து வெல்லம். ஷிப்டுக்குள் நுழையும்போது ஆளுக்கு ஒரு துண்டு. வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டையில் ஒட்டிய பஞ்சை அது வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மேஸ்திரி சொல்வார். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் வழி வேறுவேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, வெல்லம் மலிவு என்பது மில்லுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அதில் பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். என் காலைக் காப்பிக்கு அதுதான். அம்மாவின் நுரையீரலுக்கு என்று கொடுத்ததைக் குடித்துத்தான் நான் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பள்ளியில் முதலாவதாக வந்தேன். இதை இப்போது எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. துக்கத்தால் அல்ல.

அம்மாவின் மில்லில் ஒரு நோவு உண்டு. அதற்குப் பெயரும் அவர்களே வைத்திருந்தார்கள்: லீவு நோவு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால், மதியத்துக்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் ஆகிவிடும். மூச்சு பாதியிலேயே நிற்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. வாரம் போகப்போக அடங்கிவிடும். மறுபடி ஞாயிறு, மறுபடி திங்கள்.

இதிலிருந்து அந்தப் பெண்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? வேலையில் நோவு இல்லை, லீவில்தான் இருக்கிறது என்று. “சும்மா படுத்தா ஒடம்பு எளகிப்போவுது கண்ணு. ஓட்டத்துலயே இருந்தா ஒண்ணும் பண்ணாது” என்பார் அம்மா. அதனால் கார்டிங் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார்கள். நோவுக்குப் பயந்து, தூசிக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். மில்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? வருடம் முழுக்க லீவே எடுக்காதவர்களுக்கு ஆயுத பூஜையன்று மாலை போட்டு எவர்சில்வர் போசி கொடுத்தார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி வந்த போசிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன.

தொழில்சார் நோய்கள் பற்றிய வகுப்பு அந்தப் பருவத்தின் நடுவில் வந்தது. திரையில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைப் பற்றி நாலு வரி. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சிறுக்கம் அதிகம் இருக்கும், வாரம் போகப்போகக் குறையும், முற்றினால் எல்லா நாளும் இருக்கும், பிறகு திரும்பாது.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். பேராசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் தூசி இல்லாமல் இருந்தால் மூச்சுக்குழாய் தன் உணர்வுக்குத் திரும்பும். மறுநாள் தூசி பட்டதும் இறுக்கிக்கொண்டு எதிர்க்கும். நாலைந்து நாள் தொடர்ந்து தூசி பட்டால் எதிர்ப்பது மரத்துப்போகும். மரத்துப்போவது குணமாவது அல்ல. ஒரு காலத்தில் மேலைநாட்டு மில் ஊர்களில் இந்த நோய் நிறைய இருந்ததாம். அங்கே தூசியை இழுக்கும் கருவிகள் வந்தன, சட்டங்கள் வந்தன. பிறகு மில்களே இடம் மாறி நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்துவிட்டன.

‘உலக’ என்ற சொல் அந்தத் தாளின் தலைப்பில் எதற்கு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. எங்கள் நூல் கப்பலேறி அவர்களுக்குச் சட்டையாகப் போகிறது. அவர்கள் விட்டுத் தொலைத்த இருமல் எங்களுக்கு மிஞ்சுகிறது. அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, பாடப் புத்தகத்தில் பல வருடங்களாக இருக்கிறது. அதைப் படித்த யாரும் அன்னூர்ப் பக்கம் வந்து என் அம்மாவிடம் சொல்லவில்லை. விழிப்புணர்வு இல்லையாம்.

அன்று சாயங்காலம் அம்மா காலைக்கூடக் கழுவவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

“அம்மா, லீவுனால நோவு வல்ல. தூசினால வருது. நீ வாராவாரம் ஞாயித்துக்கெழம ஊட்ல இருக்கோணும்.”

“இருந்தா திங்கக்கெழம யாரு மூச்சு உடறது? நீ உடறயா?”

“அந்த மூச்சு முட்டறதுதாம்மா ஒடம்பு சொல்ற சேதி. நீ அதைச் சொல்ல உடாம அமுக்கி வெச்சிருக்கே.”

“ஒடம்பு சேதி சொல்லுதாமா! ஏஞ்சாமி, படிக்கப் போனயா, குறி கேக்கப் போனயா?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கும்போதே அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமை நோவு வியாழனுக்கு வந்துவிட்டது என்பதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரிந்திருந்தது. முற்றினால் எல்லா நாளும், பிறகு திரும்பாது. அம்மாவை அந்தக் கார்டிங் அறையிலிருந்து வெளியே கொண்டுவர எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் களப்பயணம் என்று எங்கள் வகுப்பையே ஒரு மில்லுக்குக் கூட்டிப்போனார்கள். அது அம்மாவின் மில். நான் கேட்டு ஏற்பாடு செய்ததல்ல. அந்தப் பக்கத்தில் மாணவர்களை உள்ளே விடுகிற மில் அது ஒன்றுதான். மில்லின் ஹெச்.ஆர். அதிகாரி வாசலிலேயே நின்று எல்லோருக்கும் இளநீர் கொடுத்தார். கார்டிங்குக்குள் நுழைந்தபோது எனக்கே ஆச்சரியம். காற்று கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தது. கூரையோரம் பெரிய குழாய்கள் ஹோவென்று இழுத்துக்கொண்டிருந்தன. பெண்கள் எல்லோரும் மடிப்புக் கலையாத வெள்ளை மாஸ்க் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே இரண்டு கண்களை நான் அடையாளம் கண்டேன்.

“அம்மா!” என்று மெசின் சத்தத்துக்கு மேலே கூப்பிட்டேன். என் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். அம்மா கையைத் தூக்கி ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஹெச்.ஆருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அட, நம்ம அம்மணியோட புள்ளைங்களா நீங்க? சொல்லவே இல்லீங்களே!” பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார்: “நாங்க மாஸ்க் குடுத்துட்டுத்தானுங்க இருக்கறோம். இவிய போடறதில்லீங்க. எத்தன சொன்னாலும் விழிப்புணர்வு வர மாட்டீங்குது.”

என் வகுப்புத் தோழர்கள் குறித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கோபத்தையும் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும். எதிராளியும் ‘ங்க’ போட்டே கழுத்தைப் பிடிப்பார். “காத்து நல்லாத்தானுங்க இருக்குது. அப்பறம் எதுக்குங்க மாஸ்க்கு?” என்று கேட்டேன். “நல்ல கேள்விங்க” என்று பாராட்டிவிட்டு அவர் அடுத்த பகுதிக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், நான் நினைத்ததைவிட மில் சுத்தமாக இருக்கிறதே என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அந்தக் காத்துக் கொழாயி எப்ப ஓடும்ன்னு நெனச்சே? சட்டைக் கம்பெனிக்காரங்க வெளிநாட்டுல இருந்து பாக்க வந்தா ஓட்டுவாங்க. ஒறம்பரை விருந்தாளி வந்தா ஊடு கூட்டற மாதிரி. மத்த நாளைக்குக் கரண்டு தின்னுபோடும்ன்னு நிறுத்தி வெச்சிருப்பாங்க. இன்னைக்கு உங்களுக்குன்னு ஓட்டிப்போட்டாங்க.” தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “உங்க பஸ்ஸு கேட்டத் தாண்டுச்சு, ஆப் பண்ணிப்போட்டாங்க. நீ தெனமும் வா கண்ணு, எனக்கு மூச்சு நல்லாருக்கும்.”

அம்மா அதை விளையாட்டாகத்தான் சொன்னார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். கருவி இருக்கிறது. வாங்கி, மாட்டி, துடைத்து வைத்திருக்கிறார்கள். சுவிட்சும் இருக்கிறது. அதைப் போடுவதற்குத் தகுதியான நுரையீரல் எது என்பதில்தான் அவர்களுக்குக் கணக்கு. என் வகுப்பு கொடுத்த அறிக்கை, மாஸ்க் அணிவது குறித்துத் தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு முகாம் நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. நான் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை படித்துவிட்டு, நீ சொல்வதை அளந்து காட்டு என்றார். ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றைத் துறையிலிருந்து எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார். சின்னப் பிளாஸ்டிக் குழாய்தான். ஊதினால் பக்கத்தில் ஒரு சிவப்பு முள் ஏறும். எவ்வளவு வேகமாக மூச்சை விட முடிகிறதோ அவ்வளவு தூரம் ஏறும்.

அளந்து காட்ட வேண்டுமென்றால் முதலில் அம்மா ஒரு ஞாயிறு லீவு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். சண்டை போட்டேன், கெஞ்சினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். கடைசியில் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார், ஜெயிலில் இருப்பவர் மாதிரி. திங்கட்கிழமை காலையில் ஊதச் சொன்னேன். முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். சாயங்காலம் வந்து ஊதினார். முள் அந்தக் கோட்டுக்கு வரவே இல்லை. விரல்கனம் கீழே நின்றது.

“இன்னொருக்கா ஊதறேன்” என்றார். ஊதினார். அதே இடம். மூன்றாவது முறை கண்களில் தண்ணீர் வரும்வரை ஊதினார். பிறகு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காத்தாலைக்கு இருந்த மூச்ச எங்கே உட்டுப்போட்டு வந்தேன் நானு?” என்று கேட்டார். அது எனக்கான கேள்வி அல்ல.

அந்த அளவுகளை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அம்மாவுடன் போனேன். பல வருடமாக அம்மா அங்கே போய், “லீவு போட்டுட்டு வேலைக்குப் போனா மூச்சு முட்டுதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்துமா என்று மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாவைத் தானும் ஊத வைத்தார், நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். பஞ்சுத் தூசியால் இருக்கலாம், இவருக்குத் தூசியில்லாத இடத்தில் வேலை தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் அம்மாவின் நெஞ்சு தமிழில் முட்டிக்கொண்டிருந்தவரை யாருக்கும் கேட்கவில்லை.

மில்லில் அந்தக் கடிதத்துக்குப் பெரிய மரியாதை. “படிச்ச புள்ளைங்க கேட்டாச் செய்ய மாட்டமுங்களா?” என்று ஹெச்.ஆர். அம்மாவைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். நூல் கோன்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ஒரு மாதத்தில் அம்மாவின் இருமல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, போகாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தார். சிவப்பு முள் ஒரு கோட்டைத் தாண்டி இன்னொரு கோட்டைத் தொட்டது. அப்பா பொள்ளாச்சியிலிருந்து வந்து, “என்ற மவ சாதிச்சுப்போட்டா” என்று டீக்கடை முழுக்கச் சொன்னார். நானும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்து சாப்பாட்டுத் தூக்குப்போசியைக்கூட இறக்கி வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

“என்ற மெசின்ல ஒரு புள்ளையப் போட்டிருக்காங்க.”

வடக்கே ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண். மில் விடுதியில் இருக்கிறாள். என் வயதுகூட இருக்காது என்றார் அம்மா. ஷிப்டுக்குள் நுழையும்போது அவள் கையில் வெல்லத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாளாம். போன திங்கட்கிழமை கழிவறைச் சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கார்டிங் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, ஞாயிற்றுக்கிழமை விடுதியில் படுக்காதே, வேலைக்கு வந்துவிடு, லீவுதான் நோவு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரியத்தோடுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கடிதம் ‘இவருக்கு’ என்றுதான் சொன்னது. அவர்களும் இவரை மட்டும் எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அதே தூசிக்குள் இன்னொரு பெண்ணை நிறுத்திவிட்டார்கள். ஒரு சுவிட்சைப் போடுவதைவிட ஒரு பெண்ணை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம். ஒருத்தியைக் காப்பாற்றுவது மருத்துவம், அந்த இடத்தைக் காப்பாற்றுவதுதான் பொதுச் சுகாதாரம் என்று அறிமுகப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். “படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?” என்று கத்தினேன். கையிலிருந்த எவர்சில்வர் போசி சுவரில் போய் விழுந்தது.

அம்மா எழுந்துபோய் அதை எடுத்தார். நசுங்கியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “பிரைசு வாங்குன போசி” என்றார். “செரி, போவட்டும்.” பிறகு, “அந்த ஊதற கொழாயி உன்ற பைல இருக்குதா?” என்று கேட்டார்.

“எதுக்கு?”

“நான் ஒருத்தி ஊதுனேன், என்னைய எடம் மாத்துனாங்க. கார்டிங்ல இருக்கற அத்தன பேரும் ஊதிப்போட்டா எங்க கொண்டுபோயி மாத்துவாங்க? அந்தக் காத்துக் கொழாயத்தான ஓட்டோணும்?”

“ஊதறதுக்கு முன்னால ஞாயித்துக்கெழம லீவு எடுக்கோணுமேம்மா. எடுப்பாங்களா?”

“நீ சொன்னா எடுக்க மாட்டாங்க. நான் கொழாயக் காட்டிச் சொல்றேன். திங்கக்கெழம காத்தாலயும் சாயங்காலமும் ஊதட்டும்.”

மறுநாள் சனிக்கிழமை. அம்மா மில் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தூக்குப்போசிக்குப் பக்கத்தில் அந்தக் குழாயையும், ஆளுக்கு ஒன்றாக மாட்டி ஊதுவதற்கான அட்டை வாய்களையும் ஒரு துணியில் சுற்றி வைத்தேன். கருவியைக் கையில் கொடுத்ததற்குத் துறையில் என்ன சொல்வார்களோ, சொல்லட்டும்.

“ஏங்கண்ணு, அந்தப் புள்ளைக்கு நம்ம பேச்சு புரியாது. லீவு எடுன்னு அவிய பாசைல எப்படிச் சொல்றது?”

செல்லில் இந்தியில் தேடினேன். “சுட்டி லோ.”

“சுட்டி லோ. செரி. ஊதுன்னு?”

“அதை நீ ஊதிக் காட்டும்மா, புரிஞ்சுக்குவா.”

வேன் ஹாரன் அடித்தது. அம்மா “சுட்டி லோ, சுட்டி லோ” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். டிரைவர் திரும்பிப் பார்த்து, “யாரையுங்கக்கா திட்டறீங்க?” என்று கேட்டார்.

“உன்னைய இல்ல சாமி, வண்டிய எடு” என்றார் அம்மா. “இன்னைக்கே சொல்லோணும். நாளைக்கு ஞாயித்துக்கெழம.”